வீடியோவை மட்டும்

விளம்பரத்தில் வந்த கைகள் தன்னுடையவைதான் என்று அண்ணிக்கு முதலில் தெரியவில்லை. போனைச் சமையலறைச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டுப் பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள். திரையில் இரண்டு கைகள், தண்ணீருக்குள் அசைவதுபோல, மெல்ல மெல்ல எழுந்து தாழ்ந்தன. பின்னணியில் உருக்கமான இசை ஏதாவது ஓடியிருக்கும். பிறவியிலேயே காது கேட்காத அண்ணியிடம் அது எடுபடவில்லை. மணிக்கட்டில் இருந்த சூட்டுத் தழும்பைப் பார்த்த பிறகுதான் சந்தேகம் வந்தது. அதுவும் சந்தேகம்தான், ஏனென்றால் தழும்பு வேறு கையில் இருந்தது. படத்தை இடம் வலமாகத் திருப்பிப் போட்டிருந்தார்கள்.

நுரை சொட்டச் சொட்ட முன்னறைக்கு ஓடி வந்து, துணிக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்த நாத்தனாரின் தோளைத் தட்டினாள்.

“காது, இதப் பாரேன். நான் என்ன சொல்றேன்னு எனக்கே புரியல” என்றன அண்ணியின் கைகள்.

அந்த வீட்டில் அவளுக்குப் பெயர் காது. காது மடலை ஒரு சுண்டு சுண்டினால் அவளைக் கூப்பிடுவதாக அர்த்தம். அப்பா, அம்மா, அண்ணன், பிறகு வந்த அண்ணி என்று எல்லோரும் கையால் பேசுகிற குடும்பத்தில் தப்பிப் பிறந்த ஒரே காது. வாய்ப்பேச்சை அவள் டீவியிலும் தெருவிலும் கற்றுக்கொண்டாள். கடைக்காரரோ, வாத்தியாரோ, டாக்டரோ யார் வந்தாலும் நடுவில் நின்று இந்தப் பக்கத்தை அந்தப் பக்கம் சொல்வது சின்ன வயதிலிருந்தே அவள் வேலை. அதுவே பிழைப்பாகவும் ஆகிவிட்டது. இப்போது ஒரு செய்தி சேனலில், திரையின் மூலையில் தெரியும் சின்னப் பெட்டிக்குள் நின்று கையால் மொழிபெயர்க்கிறாள். அங்கே அவளுக்குப் பெயர் பெட்டி மேடம்.

அவள் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்துவிட்டு விளம்பரத்தைத் திரும்பத் திரும்ப ஓட்டிப் பார்த்தாள். ‘என் வீட்டுக்காரர்’ என்று தொடங்கிய சைகை பாதியில் அறுந்து, வேறு எங்கிருந்தோ வெட்டிய ‘கதவு’ என்பதில் போய் ஒட்டிக்கொண்டிருந்தது. வேகத்தைக் குறைத்ததில் மிச்சமிருந்த அர்த்தமும் கரைந்துபோயிருந்தது. கடைசியில் எழுத்து வந்தது: ‘இணையம் எல்லோருக்கும். உங்கள் வீட்டுப் பெண்ணுக்கே உங்கள் ஓட்டு.’

“டான்ஸ்னு நெனச்சுட்டாங்க போல” என்றாள் அண்ணி. சிரித்தாள். சிரிப்பு சீக்கிரமே முடிந்துவிட்டது.

‘உங்கள் வீட்டுப் பெண்’ என்று சுவரெல்லாம் சிரித்துக்கொண்டிருந்த இளம் வேட்பாளரைக் காது கேளாதவர்கள் சுருள்முடி என்றுதான் அழைத்தார்கள். கன்னத்தோரம் ஆள்காட்டி விரலைச் சுருட்டினால் போதும். யாரும் எழுத்துக் கூட்டிப் பெயர் சொல்வதில்லை. மூக்கோ, முடியோ, நடையோ, கண்ணில் படுகிற ஒன்று பெயர் சைகையாகிவிடும். அவரை எதிர்த்து நின்ற முன்னாள் அமைச்சருக்கு வெகுநாள் கண்ணாடி என்றுதான் பெயர். மூக்கின் மேல் கண்ணாடியைத் தள்ளிவிடுகிற சைகை. போன வருஷம் அது மாறியது. இப்போது இரண்டு மணிக்கட்டுகளையும் குறுக்காக வைத்து, கயிற்றால் இறுக்கியதுபோல ஒரு வெட்டு வெட்டி நிறுத்துவார்கள். கைகட்டி.

அந்தப் பெயரின் முதல் சைகை இந்த வீட்டிலிருந்துதான் போனது.

போன வருஷம் ஊரில் கலவரம். எங்கோ எப்போதோ எடுத்த ஒரு வீடியோவை நேற்று இங்கே நடந்தது என்று யாரோ பரப்பிவிட, கடைகள் எரிந்தன. அப்போது பதவியில் இருந்த அந்த அமைச்சர் இணையத்தை நிறுத்தினார். போன் பேசலாம், குறுஞ்செய்தி அனுப்பலாம், மற்றதெல்லாம் கிடையாது. ஊரில் பெரும்பாலானவர்கள் அலுத்துக்கொண்டதோடு சரி.

அண்ணன் மரச்சாமான் பட்டறையிலிருந்து வீடு திரும்பும் வழியில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு தெருவில் உட்கார்ந்துவிட்டான். முகம் தெரியாத யாரோ நல்ல மனிதர்கள் ஆஸ்பத்திரியில் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். வழக்கமாக அவன் ஆஸ்பத்திரிக்குப் போனால் தங்கைக்கு வீடியோவில் அழைத்து, போனை டாக்டர் முகத்துக்கு நேரே பிடிப்பான். அவன் கை சொல்வதை அவள் வாய் சொல்லும். அன்றும் அழைத்தான். திரையில் வட்டம் சுற்றியது, சுற்றிக்கொண்டே இருந்தது. எழுத்து அவனுக்கு வராது. பள்ளியில் உதட்டைப் பார்த்துப் பேசச் சொல்லி, கையைத் தூக்கினால் அடித்தார்கள். பேச்சும் வரவில்லை, எழுத்தும் வரவில்லை; கையைத் தூக்கிப் பேசும் பழக்கம் மட்டும் போகவில்லை. ஆகவே அன்றும் கையைத் தூக்கிச் சொன்னான். நெஞ்சு. நெருப்பு. தங்கச்சியக் கூப்பிடு. ஆஸ்பத்திரியோ அடிபட்டவர்களால் நிரம்பிக் கிடந்தது. குடித்துவிட்டுக் கையைக் காலை வீசுகிறான் என்று நினைத்தார்கள். படுக்கைக் கம்பியோடு இரண்டு கைகளையும் துணியால் கட்டினார்கள்.

அவள் ஆஸ்பத்திரி ஆஸ்பத்திரியாக ஏறி இறங்கி அவனைக் கண்டுபிடித்தபோது உயிர் போயிருந்தது, கைக்கட்டை அவிழ்த்திருந்தார்கள். மணிக்கட்டில் தடம் மட்டும் இருந்தது. மருத்துவமனைக்காரர் ஒருவர், “வாயத் தொறந்து ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேம்மா” என்றார். உண்மையாகவே வருத்தப்பட்டுத்தான் சொன்னார்.

அன்றிலிருந்து அந்த வீட்டில் யாரும் யாருடைய கையையும் பிடிப்பதில்லை. தட்டுவதானால் தோளில் தட்டுவார்கள்.

சுருள்முடியின் ஆட்கள் ஒரு நாள் கேமராவும் விளக்குமாக வீட்டுக்கு வந்தபோது அண்ணி அவர்களுக்கு முழுக் கதையையும் சொன்னாள். கடைசியில் ஒரே ஒரு கேள்வியும் கேட்டாள். “அடுத்த தடவ நெட்ட நிறுத்தினா, எங்க வீடியோ காலை மட்டும் விட்டு வைப்பீங்களா, மாட்டீங்களா?” நாத்தனார் வாயால் சொல்லச் சொல்ல, தாடி வைத்த விளம்பரக்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டு, “செம மேடம், செம” என்றார். படப்பிடிப்பு முடிகிற நேரத்தில் சுருள்முடியே வந்தார். அண்ணியின் இரண்டு கைகளையும் தன் கைகளுக்குள் பொத்திக்கொண்டார். போட்டோ எடுத்தார்கள். அண்ணிக்கு ஏதோ சொல்ல வேண்டியிருந்தது, கைகள் கிடைக்கவில்லை. வெளுத்த முகத்தோடு நின்றாள். சுருள்முடி அதை நெகிழ்ச்சி என்று எடுத்துக்கொண்டார்.

“போனாப் போகுது” என்றாள் அண்ணி இப்போது, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு. “விளம்பரத்துல அவங்க இஷ்டத்துக்கு வெட்டிக்கட்டும். உன் சேனல் விவாதத்துல என் கேள்விய முழுசாப் போடுவாங்கல்ல?”

“போடுவாங்க. தயாரிப்பாளர் அக்கா சொல்லிட்டாங்க.”

“பதில் சொல்லாமத் தப்பிக்க முடியாதுல்ல?”

“நேரலை அண்ணி. கேள்வியப் போட்டா ரெண்டு பேருமே பதில் சொல்லியாகணும்.”

அன்று மாலை இரண்டு வேட்பாளர்களும் நேருக்கு நேர் பேசும் அந்த விவாதத்துக்காகத்தான் அண்ணி இத்தனை நாளாகக் காத்துக்கொண்டிருந்தாள். விவாதத்தின் தலைப்பே இணையமும் அரசும். பொதுமக்கள் அனுப்பும் வீடியோக் கேள்விகளில் கடைசிக் கேள்வி அண்ணியுடையது. அதற்குக் குரல் கொடுக்கப் போகிறவள் நாத்தனார். சொந்தக்காரர்களுக்கு மொழிபெயர்க்கக் கூடாது என்பது அவள் தொழிலில் எழுதப்படாத விதி. அந்தப் பெண் தன் அண்ணி என்று அவள் சேனலில் சொல்லவில்லை. சொன்னால் வேறு ஆளைப் போடுவார்கள். வேறு ஆள் என்றால் அந்தக் கேள்விக்கு வேறு குரல் வரும். அதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

*

மாலையில் ஸ்டூடியோவில் அவளை நிறுத்திய இடம் அரங்கத்துக்குப் பக்கத்து அறை. பின்னால் பச்சைத் துணி, எதிரே கேமரா, அதன் தலையில் ஒரு சிவப்பு விளக்கு. பூப்போடாத கறுப்பு உடை, கையில் வளையல் கிடையாது, நகத்தில் சாயம் கிடையாது. பார்க்கிறவர்கள் கண்ணுக்குக் கையைத் தவிர வேறெதுவும் தட்டுப்படக் கூடாது. இந்த வேலையை இரண்டு பேர் மாற்றி மாற்றிச் செய்ய வேண்டும் என்று அவள் கேட்டிருந்தாள். கை வலிக்கும் முன்னால் மூளை களைத்துவிடும். “ஒருத்தர் போதும்மா, மூலையில யாரு பாக்கப் போறா?” என்று பதில் வந்திருந்தது.

“என்ன பெட்டி மேடம், இன்னிக்கு முகம் சரியில்ல?” என்றார் கேமராக்காரர். பெரிய உடம்பு, மெல்லிய குரல்.

“இன்னும் ஆரம்பிக்கலையே. ஆரம்பிச்சா அவங்க முகம் வந்துடும்.”

“அது சரி. ரெண்டு பேரோட முகத்தையும் மாத்தி மாத்திப் போடணும். நமக்கு ஒரு முகமே பாரமா இருக்கு.”

விளையாட்டுக்குச் சொன்னாலும் அவர் சொன்னது உண்மை. பேசுகிறவர் சிரித்தால் அவளும் சிரிக்க வேண்டும். பேசுகிறவர் ‘நான்’ என்றால் அவள் தன் நெஞ்சைத் தொட்டு ‘நான்’ என்று காட்ட வேண்டும். ‘அவர் சொல்கிறார்’ என்று ஒதுங்கிக்கொள்ள அனுமதி கிடையாது. புதிதாகப் பார்க்கிறவர்களுக்குத்தான் இது வேடிக்கை. அவளுக்கு மூச்சு விடுவதுபோலப் பழகிப்போனது. அப்படித்தான் அவள் நினைத்துக்கொண்டிருந்தாள்.

விவாதம் தொடங்கியது. நெறியாளர் முதலில் கணக்குத் திறக்க அடையாள அட்டை கேட்கலாமா என்றார். கேட்க வேண்டும் என்றார் முன்னாள் அமைச்சர். “முகமூடி போட்டுட்டுத்தான் எல்லாரும் கல்லெறியறாங்க. முகமூடியக் கழட்டினா பாதிப் பேரு வீட்டுக்குப் போயிடுவான்.” கேட்கக் கூடாது என்றார் சுருள்முடி. “கழட்டினா மொதல்ல வீட்டுக்கு வர்றது உங்க போலீஸ்தான் சார்.” அரங்கம் கைதட்டியது. அவள் கைகள் இருவருக்கும் சமமாக உழைத்தன. குழந்தைகளுக்கு வயது வரம்பு, நம் விவரங்களைத் தூக்கிக்கொண்டு போகும் வெளிநாட்டுக் கம்பெனிகள், கிராமத்துக்கு இணையக் கம்பி, பட்டணத்துக்குக் கேமரா என்று பேச்சு வளர்ந்தது. “என் கை சுத்தம்” என்றார் அமைச்சர். ‘நான் லஞ்சம் வாங்கவில்லை’ என்று காட்டினாள். “உங்களைக் கைவிட மாட்டேன்” என்றார் சுருள்முடி. ‘நான் விட்டுப் போகமாட்டேன், உங்களோடு இருப்பேன்’ என்று காட்டினாள். கையை வைத்துப் பேசுகிறவர்களுக்குக் கையைப் பற்றிய வார்த்தைகள்தான் ஒன்றுக்கும் உதவாதவை.

பிறகு நெறியாளர் மேஜையில் சாய்ந்துகொண்டு கேட்டார். “நேரா வரேன். நாளைக்கு ஊர்ல ஒரு வதந்தி கெளம்புது. நீங்கதான் பதவில. நெட்ட நிறுத்துவீங்களா, மாட்டீங்களா?”

“நான் நிறுத்தினேன்” என்றார் அமைச்சர். “மறைக்கல. ஊரு எரிஞ்சுட்டிருந்தது. போன் இருந்தது, மெசேஜ் இருந்தது, சினிமா பாக்க முடியலேன்னுதான் கோவம். நெட் இல்லாததால ஒரு உயிர் போச்சுன்னு காட்டுங்க. ஒரே ஒரு உயிர். நான் அரசியல விட்டே போயிடறேன்.”

அவள் தன் நெஞ்சைத் தொட்டாள். நான் நிறுத்தினேன். நான் மறைக்கவில்லை. நெட் இல்லாததால் செத்தவர் ஒருவர், காட்டுங்கள். கைகள் பேச்சுக்குக் கொஞ்சம் பின்னால்தான் வரும். அன்று இன்னும் கொஞ்சம் பின்தங்கின. வீட்டில் அண்ணி முன்னறை நாற்காலியில் உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருப்பாள். பரவாயில்லை, பார்க்கட்டும். காட்டுங்கள் என்று அவரே வாயைக் கொடுத்து மாட்டிக்கொண்டார். காட்டத்தான் போகிறோம். கடைசிக் கேள்வி வரட்டும்.

சுருள்முடி தலையை ஆட்டினார். “சார், எனக்கு ஒரு அக்காவத் தெரியும். காது கேக்காது, பேச்சு வராது. அவங்க கையப் பிடிச்சுட்டு நான் அழுதேன். அவங்க சோகத்த நான் இங்க அரசியலாக்க விரும்பல.”

சொல்லுங்களேன் என்று கத்த வேண்டும்போல இருந்தது அவளுக்கு. கைகளோ ‘நான் அவள் கையைப் பிடித்து அழுதேன்’ என்றன.

“அது சரி, என் கேள்விக்குப் பதில்?” என்றார் நெறியாளர். “வதந்தி வந்தா? சும்மா வேடிக்கை பாப்பீங்களா?”

சுருள்முடி ஒரு கணம் யோசித்தார். யோசிப்பதுபோல இருந்தது என்பதுதான் சரி. பதில் ரொம்ப நாளாகத் தயாராக இருந்திருக்க வேண்டும், அவ்வளவு வழுக்கிக்கொண்டு வந்தது. “மொத்தமா நிறுத்தறது காட்டுமிராண்டித்தனம். அத நான் செய்ய மாட்டேன். ஆனா வதந்தி எதுல பரவுது? வீடியோல. வீடியோவை மட்டும் நிறுத்தி வைப்பேன், தற்காலிகமா. வீடியோ காலும் அதுல சேத்தி. பேசலாம், எழுதலாம், எல்லாம் தொறந்திருக்கும். யாருக்கும் ஒரு பாதிப்பும் இல்ல.”

அவர் புன்னகைத்தார். அவளும் புன்னகைத்தாள். நெஞ்சைத் தொட்டாள். நான். வீடியோவை மட்டும். நிறுத்துவேன். பாதிப்பு, யாருக்கும், இல்லை.

“இதத்தானே நானும் சொல்றேன்!” அமைச்சர் மேஜையில் தட்டினார். “இந்த ஒரு விஷயத்துல தங்கச்சிக்கு என் முழு ஆதரவு உண்டு. யாரு வந்தாலும் இதச் சட்டமாக்கலாம்.”

அரங்கம் எழுந்து கைதட்டியது. நெறியாளருக்கு முகமெல்லாம் பல். “ரெண்டு பேரும் ஒத்துப்போற காட்சி! இந்த ஊர் இதப் பாத்து எவ்வளவு காலமாச்சு!” இருவரும் மேஜையைச் சுற்றி வந்து கைகுலுக்கிக்கொண்டார்கள்.

அவள் கேள்விக்காகக் காத்திருந்தாள். இப்போது அண்ணி வருவாள். வந்து இரண்டு பேரின் சிரிப்பையும் துடைத்துவிட்டுப் போவாள். காதில் மாட்டியிருந்த கருவியில் தயாரிப்பாளர் அக்காவின் குரல் கேட்டது. “கடைசி கிளிப் வேணாம். இதோட முடிச்சுக்கலாம். இத விட நல்ல முடிவு நமக்குக் கெடைக்காது.”

யாரோ சரி என்றார்கள்.

கேமராவின் தலையில் சிவப்பு விளக்கு எரிந்துகொண்டுதான் இருந்தது. அரங்கத்தில் பேச்சு இல்லை, கைதட்டல் மட்டும்தான். மொழிபெயர்க்க எதுவும் இல்லை. இத்தனை வருஷத்தில் முதல் தடவையாக அவள் கைகள் யாருடைய பேச்சும் இல்லாமல் எழுந்தன. முகத்திலிருந்து சுருள்முடியின் சிரிப்பைக் கழற்றினாள். கேமராவை நேராகப் பார்த்து, அண்ணியின் கேள்வியைத் தன் கையால் கேட்டாள். ‘எங்களுக்கு வீடியோதான் போன். என் அண்ணன் செத்தான், கையைக் கட்டினார்கள். நீங்கள் கேட்ட ஒரு உயிர் அதுதான். எங்கள் வீடியோவை விட்டு வைப்பீர்களா, மாட்டீர்களா?’ மறுபடியும் கேட்டாள். ‘விட்டு வைப்பீர்களா, மாட்டீர்களா?’

விளக்கு அணைந்தது.

வேலை போய்விடும். போகட்டும். உடம்பெல்லாம் லேசாக இருந்தது. ஊரில் இருக்கிற காது கேளாத வீடுகள் அத்தனையும் இந்நேரம் எழுந்து நின்றிருக்கும் என்று நினைத்தாள்.

“என்ன மேடம், கடைசில ஏதோ எக்ஸ்ட்ரா பண்ணிட்டிருந்தீங்க?” என்றார் கேமராக்காரர், வயரைச் சுருட்டிக்கொண்டே.

“பாத்தீங்களா?”

“நான் பாத்தேன். வேற யாரு பாத்தா? கை குலுக்கினாங்க பாருங்க, அப்பவே பெட்டியத் தூக்கிட்டாங்களே. அகலமா காட்டறதுக்கு எடம் வேணும்ல?”

“விளக்கு எரிஞ்சுதே…”

“அது என் கேமரா ஓடுதுன்னு அர்த்தம் மேடம். ஒளிபரப்புல இருக்குன்னு அர்த்தம் இல்ல. உங்களுக்கு யாரும் சொல்லலையா?”

யாரும் சொல்லவில்லை. இத்தனை வருஷமும் அவள் அந்த விளக்கை நம்பித்தான் கையை எடுத்திருக்கிறாள், வைத்திருக்கிறாள்.

வெளியே வரும்போது தயாரிப்பாளர் அக்கா தோளில் தட்டினார். “பிரமாதம்மா. அடுத்த வாரம் ரிசல்ட் நிகழ்ச்சிக்கும் நீதான்.”

*

அண்ணி விளக்கைப் போட்டுக்கொண்டு முன்னறையிலேயே உட்கார்ந்திருந்தாள். டீவி ஓடவில்லை. போனில் சிநேகிதிகளோடு வீடியோவில் பேசிக்கொண்டிருந்திருக்கிறாள். திரையில் சின்னச் சின்னக் கட்டங்களுக்குள் கைகள் கோபமாகப் பறந்துகொண்டிருந்தன. நாத்தனாரைப் பார்த்ததும் அதைக் கவிழ்த்து வைத்தாள்.

“சாப்பிட்டியா?”

“அண்ணி, கடைசில நான்…”

“கடைசில நீ சிரிச்சே” என்றாள் அண்ணி. “யாருக்கும் பாதிப்பு இல்லேன்னு சொல்லிச் சிரிச்சே. அதோட பெட்டி போயிடுச்சு. அப்புறம் அவங்க ரெண்டு பேரு மட்டும் பெரிசா இருந்தாங்க.”

“அது நான் இல்ல அண்ணி. வேலை.”

“தெரியும். அது உன் பேச்சு இல்ல.” அண்ணி அவள் கைகளைப் பார்த்தாள். “ஆனா உன் கைதானே.”

அவள் நடந்ததையெல்லாம் சொன்னாள்: காதில் கேட்ட குரல், எரிந்த விளக்கு, தானே கேட்ட கேள்வி, பெட்டி இல்லாமல் போனது. அண்ணி கண்ணை எடுக்காமல் பார்த்தாள்.

“என் கேள்விய நீ கேட்டியா? எப்படிக் கேட்டே, செஞ்சு காட்டு.”

பச்சைத் துணிக்கு முன்னால் செய்ததை அப்படியே அந்த முன்னறையில் செய்து காட்டினாள். இஸ்திரி போட்ட துணிகள் பக்கத்தில் அடுக்கியபடியே இருந்தன.

“புருவத்தத் தூக்கல” என்றாள் அண்ணி. “புருவத்தத் தூக்கலேன்னா அது கேள்வி இல்ல. விட்டு வைக்க மாட்டீங்கன்னு நீயே சொல்லிட்ட மாதிரி இருக்கு. பெட்டி இருந்திருந்தாலும் வெளங்கியிருக்காது.”

அவள் கைகள் மன்னிப்பு, மன்னிப்பு என்று ஒரே சொல்லைத் திரும்பத் திரும்பச் சொல்லத் தொடங்கின. நிறுத்த முடியவில்லை. அண்ணி எழுந்து வந்து அவளுடைய இரண்டு மணிக்கட்டுகளையும் பிடித்தாள்.

அந்த வீட்டில் யாரும் செய்யாத காரியம். இறுக்கமாகத்தான் பிடித்தாள். அவளுக்கு அப்போதுதான் தெரிந்தது, சொல்ல வந்த வார்த்தை உள்ளங்கைக்குள்ளேயே எப்படி முட்டிக்கொண்டு நிற்கும் என்று. அண்ணன் எவ்வளவு நேரம் அப்படி இருந்தான் என்பது யாருக்கும் தெரியாது.

பிறகு அண்ணி விட்டாள்.

“போதும். அவங்க செஞ்சதுக்கு நீ எதுக்குக் கெஞ்சறே?” கவிழ்த்து வைத்த போனை நிமிர்த்தினாள். கட்டங்களுக்குள் எல்லோரும் இன்னும் இருந்தார்கள். “சுருள்முடிக்குப் பேர மாத்தணும்னு பேசிட்டிருந்தோம்.”

“என்ன பேரு?”

அண்ணி மணிக்கட்டுகளைக் குறுக்காக வைத்தாள். ஒரு வெட்டு வெட்டி நிறுத்தினாள்.

“அது அவரோட பேராச்சே.”

“இருக்கட்டும்.”

கட்டத்துக்குள் இருந்த தையற்காரச் சிநேகிதி கையை ஆட்டினாள். “ரெண்டு பேருக்கும் ஒரே பேருன்னா எப்படிடீ அடையாளம் தெரியும்? பெரிய கைகட்டி, சின்னக் கைகட்டின்னு வெச்சுக்கலாமா?”

“எதுக்கு அடையாளம் தெரியணும்?” என்றாள் அண்ணி.

*

ரிசல்ட் அன்று கேமராக்காரர் உற்சாகமாக இருந்தார். “பெட்டி மேடம், பெட்டியக் கொஞ்சம் பெரிசு பண்ணியிருக்கோம். கடைசி வரைக்கும் எடுக்க மாட்டாங்களாம். உங்களப் பாராட்டி யாரோ மெயில் போட்டாங்களாம், கைங்க ரொம்ப அழகா இருக்குன்னு.”

“அப்படியா?”

“இந்த வெளக்க நம்பாதீங்க. அதோ, அந்தத் திரையப் பாருங்க. அதுல உங்க மூஞ்சி தெரிஞ்சா ஊருக்கே தெரியுதுன்னு அர்த்தம்.”

திரையில் பார்த்தாள். மூலையில் கறுப்பு உடையில் ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். இவள் கையைத் தூக்கினால் அவளும் தூக்கினாள்.

மதியத்துக்குள் போக்கு தெரிந்துவிட்டது. அரங்கத்தில் பெரிய எண்கள் சுழன்றன, மேளச் சத்தம் போட்டார்கள், நெறியாளர் நாற்காலியிலிருந்தே எழுந்துவிட்டார். “வந்துவிட்டது! உங்கள் வீட்டுப் பெண், முன்னாள் அமைச்சரைத் தோற்கடித்து…”

மொழிபெயர்ப்பாளர் பெயர் சைகைகளைத் தன் இஷ்டத்துக்குப் படைக்கக் கூடாது. ஊரில் காது கேளாதவர்கள் எதைப் பெயராக வைத்திருக்கிறார்களோ அதைத்தான் காட்ட வேண்டும். இதுவும் தொழிலின் விதிதான். அவள் விதியை மீறவில்லை.

வென்றவரின் சிரிப்பை முகத்தில் வைத்துக்கொண்டாள். மணிக்கட்டுகளைக் குறுக்காக வைத்து ஒரு வெட்டு வெட்டினாள். தோற்கடித்தார் என்று காட்டினாள். மறுபடி மணிக்கட்டுகளைக் குறுக்காக வைத்து ஒரு வெட்டு வெட்டினாள்.

கைகட்டி, கைகட்டியைத் தோற்கடித்தார்.

அரங்கத்தில் யாருக்கும் ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. கைதட்டிக்கொண்டிருந்தார்கள். எந்தெந்த வீட்டுக்குத் தெரிய வேண்டுமோ அந்தந்த வீட்டுக்குத் தெரிந்தது. அவள் புருவத்தைத் தூக்கவில்லை. அது கேள்வி இல்லை.